பலகையும் ஆணியும்

பாய்மரம் ஓடின காலத்துல, முனைப்பட்டணம்னு ஒரு கரையூர் இருந்துச்சாம். அங்க ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அசர் தொழுகை நேரம். பள்ளிவாசல் ஹவுள் தொட்டி ஓரமாக் கால் கழுவிக்கிட்டிருந்த, வெள்ளிப் பிரசங்கம் பண்ற நெய்னா கத்தீபு காதுல இது விழுந்துச்சாம்:

“கப்பலே இல்லைன்னவரு கபுருக்குழிக்குள்ள நான் இறங்க மாட்டேன்பா.”

சொன்னவன் தோணி கட்டுற வாலிபன். மூச்சடங்கி மவுத்தாகிக் கிடந்தவர் உவைசு லெப்பை.

உவைசு லெப்பைன்னா யாரு? குர்ஆனுக்கு வெளிப்பொருளும் உண்டு, உள்பொருளும் உண்டுன்னவராம். வெள்ளத்துக்குக் கப்பல் கட்டின நூஹு நபி கதை வந்தா, “கப்பல்ங்கிறது ஞானம். வெள்ளம்ங்கிறது ஆசை. மலை காப்பாத்தும்னு ஏறினானே மகன், அது தன்னை மட்டும் நம்புற புத்தி”ம்பாராம்.

கத்தீபுக்குச் சுள்ளுன்னு ஏறுமாம். “அந்தக் கப்பல் பலகையும் ஆணியும் உள்ளதுன்னு குர்ஆன்ல அல்லாவே சொல்றான். ஞானத்துல எங்கேய்யா ஆணி அடிக்கிறது?”

“பலகையை யாரு மறுத்தா கத்தீபே? கரையில நின்னு பாக்காதீங்க, ஏறி உள்ள வாங்கங்குறேன்.”

வெள்ளிக்கு வெள்ளி இதே பேச்சு. ரெண்டு தாடியும் நரைக்கிற வரைக்கும் இதே பேச்சு. ஊரோ ஓடாவிங்க ஊரு; நூஹு நபிதான் எங்க முதல் ஓடாவின்னு சொல்லிக்கிட்டுத் தோணி கட்டுற ஊரு. ஒருநாள் கோபத்துல கத்தீபு லெப்பையை, “கப்பலை மறுத்த மனுஷன்”னுட்டாராம். அந்தச் சொல்லை ஊர் விடவே இல்ல.

தொழுகை முடிஞ்சு மையத்தைக் கபுருஸ்தானுக்குக் கொண்டுவந்தாச்சு. குழிக்குள்ள இறங்கி வாங்கிக் கிடத்த லெப்பைக்கு ஆண்பிள்ளை இல்ல. பொழுது அடையுற மக்ரிபுக்குள்ள அடக்கணும். குழியைச் சுத்தி அத்தனை பேரும் மணலைப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்களாம்.

அந்த வாலிபன்தான் வாயைத் திறந்தான். “மாமா, நீங்களே சொல்லுங்க. அவரு மறுத்தாரா, இல்லையா?”

கத்தீபுக்கு உடம்பெல்லாம் அலுப்பு. சரியாப் பதில் சொல்லணும்னா முதல்லேர்ந்து எல்லாத்தையும் பேசணும். எதிர்ப்பேச்சு பேசவும் ஆளில்ல.

“மறுக்கல”ன்னாராம். “மறுத்திருந்தா ஒரு வெள்ளியோட முடிஞ்சிருக்கும்.”

“அப்போ அவரு சொன்னதுதான் சரியா?”

“நான் இன்னைக்கும் பலகைப் பக்கம்தான். போடா.”

இப்பவும் முனைப்பட்டணத்துல ஒருத்தர் மவுத்தானா, அவரோட அதிகமா வாதாடினவரைத்தான் கபுருக்குள்ள முதல்ல இறங்கச் சொல்வாங்க. ஏன்னு கேட்டா, கத்தீபு வச்ச வழிம்பாங்க.

அன்னைக்குக் கத்தீபு தலைப்பாகையை அவிழ்த்து அந்த வாலிபன் கையில கொடுத்தாராம். கைலியை மடிச்சுக் கட்டினாராம். மெதுவா உட்கார்ந்து, மண்ணைப் பிடிச்சுக் குழிக்குள்ள இறங்கி, ரெண்டு கையையும் மேலே நீட்டினாராம்.