வெண்டல் கடையின் கடைசித் துண்டு

"என் மாமனார் ஒண்ணு சொல்லுவார்... 'தோரா, முதல்ல நீ...' முதல்ல என்னமோ பண்ணும்பார். வாய் வரைக்கும் வருது, வெளியில வரமாட்டேங்குது. அதை விடுங்க. கறிக்கடைன்னு போர்டு போட்டுட்டு வெறும் ஈரலும் நாக்குமா, வெண்டல்? இது அயோவாவா, பாலைவனமா? இந்த ஊர்ல மனுஷங்களைவிட மாடுங்கதானே அதிகம்!"

வெண்டல் வெட்டுப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னால் குளிர் அறையில், காகிதத்தில் சுற்றிய மாட்டுக்கறித் துண்டு ஒன்று கொக்கியில் தொங்கியது. அவர் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. மறக்காமல் எடுத்து வரும்படி மனைவி காலையில் வாசல்வரை வந்து சொல்லியிருந்தாள்.

"யுத்தம்னா கஷ்டந்தான், ஒத்துக்கறேன். சர்க்கரைக்குக் கூப்பன், காபிக்குக் கூப்பன், இப்ப ஷூவுக்கும். நான் வாயத் திறந்தேனா? பன்றிக்கறி வறுத்த கொழுப்பைக்கூட வடிச்சு உங்ககிட்டதானே குடுக்கறேன், வெடிமருந்துக்கு ஆகும்னு. இந்தாங்க, இந்த வாரத்து டப்பா. என் வீட்டுக் கொழுப்பு கடல் தாண்டிப் போகுது, என் வீட்டுக்கு ஒரு துண்டு கறி இல்ல!

"சனிக்கிழமை பட்டாளத்துலேர்ந்து என் புள்ள ஆர்லோ வர்றான். ரெண்டே நாள் லீவு, அப்புறம் கப்பல். எந்தக் கடல்னுகூடச் சொல்ல மாட்டாங்களாம். 'அம்மா, நீ வேக வைக்கிற அந்த மாட்டுக்கறி போதும்'னான். அவன் கேட்டது அது ஒண்ணுதான். ஈரலைப் போட்டா அனுப்பறது? சின்னதுலயே அதை நாய்க்குப் போட்டுட்டு காலித் தட்டைக் காட்டுவான்...

"எல்லாம் இந்த ஊர்ப் பொம்பளைங்க பேராசை! செவ்வாய்க்கிழமை கடை திறக்கறதுக்கு முன்னாடியே வரிசையாமே? பாதிரியார் சம்சாரம் ரெண்டு கையிலயும் பொட்டலமாம்! இனிமே மாட்டுக்கறி எப்ப வரும்னு தெரியாதுன்னு அந்த அம்மாவுக்கு யார் சொன்னது? நீங்க திங்கட்கிழமை என்கிட்ட மட்டும்தானே சொன்னீங்க? அப்பவே வாங்கியிருப்பேன், சர்ச்சுல பொம்பளைங்கல்லாம் சேர்ந்து பட்டாளத்துக்குக் காயம் கட்டுற துணி சுருட்டறோமே, அதுக்கு நேரமாயிடுச்சு. அங்க நான் மூச்சு விடல. பக்கத்துல இருந்தவகிட்ட மட்டும்... சரி, எங்க மேஜையில இருந்தவங்ககிட்ட. பாவம், அவங்களும் புள்ளகுட்டிக்காரங்க. எதிர் மேஜைக்குக் காதுல விழலயாம், அதனால கொஞ்சம் சத்தமா..."

தோரா நிறுத்தினாள். வெண்டலின் கையிலிருந்த துணியும் நின்றது.

"ஞாபகம் வந்துடுச்சு. 'தோரா, முதல்ல வாங்கு, அப்புறம் பேசு.' கடைக்கு அனுப்பும்போதெல்லாம் அதைத்தான் சொல்லுவார்."

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஈரலை அவள் கைகாட்டினாள்.

"ஈரலே குடுங்க. ரெண்டு பவுண்டு."

வெண்டல் குளிர் அறைக்குள் போய், கொக்கியிலிருந்த பொட்டலத்தை எடுத்துவந்து தராசில் வைத்தார்.