இல்லாதவளின் மச்சம்

– அப்போ மச்சம் எதுக்கு?

– எந்த மச்சம், ஹெம்மா?

– அவளுக்கு இடது காதுக்குப் பின்னால வச்சிருக்கியே, அது.

– அது உதாரணம். அதாவது, ரோஸ்விதாங்கிறவ இல்லாதவ. இல்லாதவளுக்கும் குணங்கள் உண்டுன்னு வகுப்புல காட்டணும். எங்கயும் இல்லாத தங்கமலைன்னு உதாரணம் சொன்னா கொட்டாவி விடறாங்க. மச்சம்னா நிமிந்து உக்கார்றாங்க.

– உக்காருவாங்க, உக்காருவாங்க. எனக்கு மச்சம் எங்க இருக்கு, சொல்லு பாப்போம்.

– முழங்கையில.

– அது கசகசா. காலையில கேக்குக்கு அரைச்சப்போ ஒட்டினது.

– பாத்தியா, கவனிச்சிருக்கேன்ல.

– காலண்டர்ல அவ பேருள்ள புனிதரோட நாள் வந்ததும், அவ பேர் விழான்னு உன் மாணவர்கள் கேக் வெட்டினாங்களாமே. நீ மெழுகுவத்தி ஊதினியாமே, எங்கல்பெர்ட்.

– அது எங்க தத்துவத் துறை வழக்கம். வருஷா வருஷம் நடக்கறது.

– என் பேர் விழா போன மாசம் போச்சு.

– போச்சா?

– போச்சு. நான் இருந்து தொலைக்கிறதுதான் என்கிட்ட இருக்கிற ஒரே குறை போல.

– அதாவது, ஒருத்தி இருக்காளா இல்லையாங்கிறது அவ குணத்துல சேராது. மச்சம் குணம். விரல் நுனியில பச்சைக் கறை குணம். சிரிச்சா மூக்கு சுருங்கறது குணம். இருக்கறது மட்டும் குணம் இல்ல. நாளைக்கு கிராட்ஸ் பல்கலைக்கழகத்துல இருக்கிற பெரிய மண்டைங்க அத்தனை பேர் முன்னாடியும் நான் பேசப்போறதே இதைத்தான். பேராசிரியர் பதவியே இதுலதான் தொங்குது.

– இருக்கறது ஒரு பொருட்டே இல்ல.

– இல்லவே இல்ல.

– சரி சாமி. உருளைக்கிழங்கு மேல எண்ணெயைப் பாத்து ஊத்து, விரல்ல பட்டா பச்சை போகாது.

– பூசணி விதை எண்ணெய் பிரமாதமா இருக்கே. எங்க வாங்கின?

– வாங்கல. கோர்பினியன் குடுத்தார்.

– யாரு கோர்பினியன்?

– ஒரு உதாரணம்.

– ஹெம்மா.

– மத்தியானம் உன் நாற்காலியில உக்காந்திருந்தார். நல்ல உயரம். கை ஒவ்வொண்ணும் கதவு மாதிரி. நான் பேசினா முள்கரண்டியைக் கீழ வச்சுட்டுக் கேக்கறார்.

– நானும் கேக்கறேனே.

– நீ உருளைக்கிழங்கைப் பாத்துக்கிட்டு கேக்கற.

– என்ன பேசினீங்க?

– மனசு விட்டுப் பேசினோம். அப்புறம் அழுதார். கைக்குட்டை குடுத்தேன்.

– யாரோட கைக்குட்டை?

– உன்னோடது. அதான் கையில அகப்பட்டது.

– அந்த ஆள் நிஜமா இருக்கானா?

– அது குணத்துல சேராதே.

– விளையாடாத.

– கை இருக்கு, உயரம் இருக்கு, கண்ணீர் இருக்கு. இன்னும் என்ன வேணும் உனக்கு?

– ஆள் இருக்கானான்னு தெரியணும்.

– இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?

– ரெண்டும் ஒண்ணு இல்ல. இல்லாதவன் என் நாற்காலியில ராத்திரி பகலா உக்காந்திருக்கட்டும், எனக்கென்ன. இருக்கிறவன் உக்காந்தா…

– உக்காந்தா?

– சோறு இறங்காது. சரி, ஒத்துக்கறேன். இருக்கறதுதான் எல்லாம். நாளைக்கு மேடையில நான் பேந்தப் பேந்த முழிச்சாலும் பரவாயில்ல. இப்ப சொல்லு.

– நல்லா யோசிச்சுச் சொல்லு. இருக்கறவங்க வேற, இல்லாதவங்க வேறயா?

– வேற. வேற. வேற.

– இருக்கார். ஊருக்கு வெளியில எண்ணெய்ச் செக்கு வச்சிருக்கார், ரோஸ்விதாவோட புருஷன். நாளைக்கு உன் பேச்சுக்கு முதல் வரிசையில உக்காரப்போறாராம். அந்த மச்சத்தை நீ எங்க வச்சுப் பாத்தேன்னு ஒரே ஒரு கேள்வி கேக்கணுமாம்.