பங்காளியின் மோட்டார் படகு

மேட்டூரிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில், மீன் கூடையோடு ஏறி எனக்குப் பின்னால் உட்கார்ந்தவர் பக்கத்துப் பெரியவரிடம் சொன்னார்:

“நான் பரிசல்ல வலை போடறவனுங்க. பங்காளியோட படகு மோட்டாரு நின்னப்ப எனக்கு வயிறு குளுந்துச்சுங்க. அப்புறம் அதை நானே ஓட வெச்சுட்டேன்.”

“நீயா?”

“ஆயிலைத் தானா ஊத்தற பம்பு கெட்டுப்போச்சுங்க. அதைக் கழட்டிப்போட்டு, மொபெட்டுக்கு ஊத்தற மாதிரி ஆயிலைப் பெட்ரோல்லயே கலந்துக்கடான்னேன்.”

“பரிசல்ல வலை போடறவனுக்கு அந்த வேலை எதுக்கு சாமி? பேசாம இருந்திருக்கலாமில்ல?”

“இருந்தேனுங்க. சேலத்து மெக்கானிக்கைக் கூட்டியாறேன்னான். எனக்குத் தெரிஞ்ச வேலைக்கு அந்த மெக்கானிக்கு பேர் வாங்கிட்டுப் போறதான்னு பொறுக்கலைங்க.”

“செரி, பேராச்சும் உனக்கு வந்துச்சா?”

“எங்கீங்க! பங்காளி தானே கண்டுபுடிச்சதா ஊரெல்லாஞ் சொல்லிக்கிட்டு, தெனமும் என் பரிசலைத் தாண்டித்தான் போறான்.”