உள்ளே போகும் காற்று

எங்கள் நெல்லித்தோப்புத் தெருவில் கரண்ட் அவ்வளவாகப் போவதில்லை, மேடம். மே மாதத்தில் எப்போதாவது மத்தியானம் போகும். டீக்கடையில் நிற்பவர்கள் சலித்துக்கொண்டு முடிப்பதற்குள் வந்துவிடும். கீழ்வீட்டு சுமலதா உங்களிடம் அன்றைக்குக் கரண்ட் போயிருக்கும் என்று சொல்லியிருந்தால், அது என்மேல் உள்ள பிரியத்தில் சொன்னது. அன்றைக்குக் கரண்ட் போகவில்லை.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது புரியாது. ஊருக்குள் சின்ன நிறுவனங்கள் சிலவற்றின் கம்ப்யூட்டர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம், தேங்காய்த்திட்டில் ஒரு மீன் ஏற்றுமதி ஆபீஸ், இரண்டு பள்ளிகள். அவர்கள் தகவல்களுக்கெல்லாம் ஒரு நகல் வைத்துக்கொள்ள, சென்னையில் யாரோ பயன்படுத்திவிட்டுப் போட்ட சர்வர் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்திருந்தேன். நீளமான தட்டை இரும்புப் பெட்டி. உள்ளே வரிசையாகச் சின்ன விசிறிகள். சூடு ஏறினால் அவை வேகமெடுத்துக் கத்தும்.

அது என் கணவர் படுத்திருந்த அறையிலேயே இருந்தது. வீட்டில் ஏசி இருந்தது அந்த ஒரு அறையில்தான். மேலே மொட்டை மாடி. வெயில் நேராகத் தளத்தில் இறங்கும். அந்த அறையில் குளிர்ச்சி இல்லாமல் இருக்க முடியாதவர்கள் இரண்டு பேர். ஒன்று சர்வர், இன்னொன்று அவர்.

அவர் பெயர் அன்பழகன். தேங்காய்த்திட்டில் படகு இன்ஜின் மெக்கானிக்காக இருந்தார். இன்ஜினைப் பிரிக்காமலே காதால் கேட்டுக் கோளாறைச் சொல்லிவிடுவார் என்று துறைமுகத்தில் பெயர். நான்கு வருடங்களுக்கு முன்னால் ஒரு படகின் ஐஸ் அறைக்குள் தலைகுப்புற விழுந்தார். கழுத்தில் அடி. அதன்பிறகு தலையை அசைப்பார், பேசுவார், சாப்பிடுவார். மற்றது எதுவும் அவர் சொன்னபடி கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இவருக்குக் கழுத்துக்குக் கீழ வேர்க்காதும்மா. ரூம் சூடு ஏறுனா உடம்பும் கூடவே ஏறும். காய்ச்சலே இல்லாம உயிருக்கு ஆபத்தாயிடும். ஏசி நிக்காம பாத்துக்குங்க."

பார்த்துக்கொண்டேன். அதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. புண் வராமல் இரவிலும் எழுந்து புரட்டிப் போட்டேன். அவர் உடம்பில் எனக்குத் தெரியாத இடம் கிடையாது. எங்கள் தெருவில் பெண்ணுக்கு வரன் பார்க்கிறவர்கள்கூட கலைவாணி மாதிரி ஒரு பொண்ணு கிடைக்குமா என்று பேசுவார்கள். என் காதிலேயே விழுந்திருக்கிறது.

வேலைக்காக வெளியே போகும்போது அறையைக் கவனிக்க எனக்கு ஒரு வழி இருந்தது. அந்தச் சர்வருக்குள் தனியாக ஒரு சின்ன சர்க்யூட் பலகை உண்டு. சர்வரை அணைத்தாலும் அது விழித்திருக்கும். ஐபிஎம்ஐடூல் என்று ஒரு கருவி. படம், பொத்தான் எதுவும் கிடையாது. லேப்டாப்பின் கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால், நான் எங்கே இருந்தாலும் அந்தப் பலகை பதில் சொல்லும். விசிறிகள் என்ன வேகம், பிராசசர் எவ்வளவு சூடு, உள்ளே போகும் காற்று எவ்வளவு சூடு. எனக்கு அந்தக் கடைசி எண் போதும். பெட்டிக்குள் போகும் காற்று என்பது அவர் மூச்சு விடும் காற்றுதான். ஏசியைப் போனிலிருந்தே போடவும் நிறுத்தவும் ஒரு சின்ன டப்பாவைச் சுவரில் மாட்டியிருந்தேன். அதனால் நான் வெளியே இருந்தாலும் அவர் என் கைக்குள்தான் இருந்தார்.

அதை வைத்து எங்களுக்குள் ஒரு விளையாட்டும் இருந்தது. நான் சமையற்கட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பேன். அவர் கண்ணை மூடி விசிறி சத்தத்தைக் கேட்டுவிட்டுக் குரல் கொடுப்பார்.

"இருபத்தாறு. சரியா?"

நான் வரியைத் தட்டிப் பார்ப்பேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். "ஒம் பொட்டிக்கு மூச்சு வாங்குது கலை, ஏசிய ஒண்ணு கொறை" என்பார். அந்த நாட்களில் நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் பொங்கலுக்குப் பிறகு அவருடைய அண்ணன் கன்னியப்பன் அடிக்கடி வர ஆரம்பித்தார். பாகூரில் நிலம் இருக்கிறது. பகலில் இங்கே பெரிய மார்க்கெட்டில் ஒரு மண்டியில் வேலை. அவர்தான் வேலூர்ப் பக்கம் இருக்கும் ஒரு மறுவாழ்வு மையத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்தார். அங்கே இவரைப் போலவே கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர்கள் தாடையால் குச்சியைத் தள்ளிச் சக்கர நாற்காலி ஓட்டும் வீடியோவைப் போனில் காட்டினார். ஒருவர் வாயில் பிடித்த கோலால் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். என் கணவர் அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்.

பகலில் உதவிக்கு வரும் முருகையன், குரலாலேயே போனை இயக்க அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தான். நான் வெளியே போயிருந்த நேரங்களில் இவர் அந்த மையத்தில் இருப்பவர்களோடு பேசிச் சிநேகம் பிடித்திருக்கிறார். ஒருநாள் நான் படியேறும்போது உள்ளே சிரிப்புச் சத்தம். இன்ஜினைப் பற்றி யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போனதும் பேச்சை நிறுத்தவில்லை. கண்ணால் வா என்றுவிட்டுத் தொடர்ந்து பேசினார்.

அன்று சாயங்காலம் சாப்பாடு ஊட்டும்போது சொன்னார்.

"சேத்துக்கிறேன்னுட்டாங்க. ஆறு மாசம்தான் கலை. அதுவரைக்கும் நீ கொஞ்சம் நல்லா தூங்கு."

"அங்க உங்கள யாரு பாத்துப்பாங்க?"

"பாத்துக்க ஆளு வேணாம்னுதானே அங்க போறதே."

அவர் அதை மகிழ்ச்சியாகத்தான் சொன்னார். என்னைப் புண்படுத்தும் எண்ணம் அவருக்குக் கொஞ்சமும் இல்லை. நான் மீதிச் சோற்றையும் ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டேன்.

அந்த மையத்தைப் பற்றி விசாரித்தேன், மேடம். நல்ல இடம்தான். ஆனால் ஒரு கூடத்தில் எட்டுப் பத்துக் கட்டில்கள். மனைவிமார்கள் தங்கக் கூடாது. இவர் இடது பக்கம் அதிக நேரம் படுத்தால் தோள் கன்றிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. ரசம் சூடாக இருந்தால் இருமுவார் என்பது தெரியாது. முன்பின் தெரியாத கைகள் அவரைத் தொட்டுப் புரட்டும். அந்த நிலையில் அவரை விடுவது ஒரு மனைவி செய்யக்கூடிய காரியமா என்று யோசித்தேன். பல நாள் யோசித்தேன். அவசரப்பட்டு எதையும் செய்கிறவள் இல்லை நான்.

ஒரு தடவை காய்கறி வாங்கக் கீழே இறங்கியபோது போனிலிருந்து ஏசியை நிறுத்திப் பார்த்தேன். சும்மா, அறை எவ்வளவு வேகத்தில் சூடாகிறது என்று தெரிந்துகொள்ளத்தான். முப்பதைத் தாண்டியதும் மறுபடி போட்டுவிட்டேன். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்டார்: "ஏசி நின்னுதா? பொட்டி கத்துச்சே. இன்னும் கொஞ்ச நேரம் கத்தியிருந்தா அண்ணனுக்குப் போன் போட்டிருப்பேன்." அண்ணனிடம் எங்கள் வீட்டுச் சாவி ஒன்று இருந்தது. மண்டியிலிருந்து வண்டியில் வந்தால் ஒரு பாட்டு முடிவதற்குள் வந்துவிடலாம்.

அப்போதுதான் எனக்கு அது புரிந்தது. சூடு ஏறுவதை அவர் உடம்பு சொல்வதற்கு முன்னால் விசிறிதான் அவருக்குச் சொல்கிறது.

விசிறியைத் தானாகச் சுற்றவிடாமல், வேகத்தை நாமே குறித்துக் கொடுக்கவும் ஒரு கட்டளை இருக்கிறது. அதே கறுப்புத் திரைதான், இன்னொரு வரி. குறைந்த வேகத்தில் நிலைநிறுத்திவிட்டால், அறை என்ன ஆனாலும் அது இருபத்தைந்து டிகிரியில் சுற்றுவது போலவே சுற்றிக்கொண்டிருக்கும். அவர் பயப்படக் கூடாது என்பதுதான் என் எண்ணம். பயத்தோடு கிடப்பது கொடுமை.

அவர் கிளம்பவிருந்த வாரத்தில் வாடிக்கையாளர்களின் தகவல்களையெல்லாம் வெளியே வாடகைக்கு எடுத்த வேறொரு சர்வருக்கு மாற்றினேன். விசிறியைக் குறைத்துவிட்டு வேலையும் கொடுத்தால் பெட்டி தாங்காது. மற்றவர்கள் பொருள் என் பொறுப்பில் இருக்கிறது. அதற்கு ஒன்றும் ஆகக் கூடாது.

முருகையனின் அக்கா மகளுக்கு வில்லியனூரில் காது குத்து. லீவு கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தான். நானே போய்வரச் சொன்னேன். அவனை நீங்கள் இரண்டு நாளாக ஸ்டேஷனில் உட்காரவைத்திருப்பதாகச் சொன்னார்கள். அவனுக்கு எதுவும் தெரியாது. வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

அன்றைக்கு அவருக்குத் தலைமுடி வெட்டிவிட்டேன். தயிர்சாதம் ஊட்டினேன். ஊருக்குப் போட்டுக்கொண்டு போக எடுத்த நீலச் சட்டையைப் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டார், போட்டுவிட்டேன். மீன் ஏற்றுமதி ஆபீசில் பில் போடும் மெஷின் நின்றுவிட்டது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். அது உண்மைதான், நின்றிருந்தது. வெயில் ஏறும் நேரத்தில் கிளம்பினேன்.

அந்த ஆபீசின் முதலாளி அப்துல் மாலிக் பாய் நல்ல மனிதர். என் கணவர் விழுந்தபோது தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் ஒருவர். சர்பத் வரவழைத்துக் கொடுத்து, அன்பழகன் எப்ப கிளம்புறாப்ல என்று விசாரித்தார். வெளியே வண்டி வண்டியாக ஐஸ் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. கட்டிகளை மெஷினில் போட்டு உடைக்கும் சத்தம் கேட்டபடி இருந்தது. நான் லேப்டாப்பைத் திறந்து முதலில் விசிறிக்கான வரியைத் தட்டினேன். பிறகு போனில் ஏசியை நிறுத்தினேன். பிறகு அவர்கள் மெஷினைச் சரிசெய்யத் தொடங்கினேன்.

இடையிடையே எண்ணைப் பார்த்துக்கொண்டேன். இருபத்தைந்து. இருபத்தொன்பது. முப்பத்துநான்கு. சாப்பாட்டு நேரம் கடந்தபோது முப்பத்தெட்டு. நாற்பதுக்கு மேல் ஏற நேரமெடுத்தது. மாடித் தளம் முழுக்கக் காய வேண்டும் இல்லையா. பில் மெஷின் சரியாகிவிட்டது. பாய்க்கு ரொம்பச் சந்தோஷம். இன்னும் ஒரு கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்றார். அதையும் பார்த்துக் கொடுத்தேன்.

இனிமேல் தேவையில்லை என்று தோன்றியபோது சர்வரை முறைப்படி அணைத்தேன். அவ்வளவு சூட்டில் அதை ஓடவிடுவது நல்லதில்லை. ஏசியைப் போட்டேன். வீட்டுக்கு வந்தபோது அறை ஜில்லென்று இருந்தது. நான் அழுததை சுமலதா பார்த்தாள். அந்த அழுகையில் பொய் இல்லை.

அறை அப்படிக் குளிர்ந்திருக்க, உடம்பு எப்படி அப்படிச் சுட்டது என்று வந்த டாக்டர் கேட்டார். அண்ணனும் நெற்றியில் கை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அதிலிருந்துதான் இது உங்களிடம் வந்தது. நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான்: நான்தான் செய்தேன். தெரிந்து, நிதானமாக, என் கையால் செய்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

அவருடைய போனிலிருந்து போன அழைப்புகளைப் பற்றியும் கேட்டீர்கள். இரண்டு அழைப்பு. நான் போனை எடுத்து வைக்கவும் இல்லை, நெட்டை நிறுத்தவும் இல்லை. வாய்க்கு நேராக, எப்போதும் இருக்கும் இடத்தில்தான் இருந்தது. அவர் யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டிருக்கலாம். அதை அவருக்கே விட்டுவைத்தேன்.

முதல் அழைப்பு முப்பத்தைந்தில் வந்தது. பாய் எதிரிலேயே எடுத்துப் பேசினேன்.

"கலை, ஏசி காத்து வரல போல. மூஞ்சி சுடுது."

"ஓடுதே. எனக்கு இருபத்தஞ்சுதான் காட்டுது."

கொஞ்சம் கேட்டுப் பார்த்திருப்பார். "ஆமா, பொட்டியும் சும்மாதான் இருக்குது. எனக்குத்தான் என்னமோ மாதிரி இருக்குது போல."

"கண்ண மூடிப் படுங்க. வந்துடறேன்."

சரி என்றார்.

இரண்டாவது அழைப்பு எப்போது வந்தது என்று நான் பார்க்கவில்லை. நாக்கு குழறியது. என்ன சொல்கிறார் என்று மற்றவர்களுக்கு விளங்கியிருக்காது, எனக்கு விளங்கியது. "வந்துட்டியா கலை?" என்று கேட்டார். வந்துட்டேன் என்றேன். என் கையைத் தேடுவது போல ஏதோ சொன்னார். பிடித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். அதன்பிறகு மூச்சு மட்டும் கேட்டது. அது நிற்கிறவரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

அண்ணன் நம்பரும் அதே போனில்தான் இருந்தது, மேடம். பெயரைச் சொன்னால் போதும். அந்த நிலையிலும் அவர் வாயில் வந்தது என் பெயர்தான். என்னை விட்டுப் போக நினைத்த மனுஷன் அப்படிக் கூப்பிடுவாரா, நீங்களே சொல்லுங்கள்.