கூட இருக்கிறவ

தாலி கட்டாம சேர்ந்து வாழறவங்களுக்கு நாம கேக்குற சட்டப் பிரிவெல்லாம் அப்புறம் பாப்போம்… மைக் வேற கத்துது. அதுக்குள்ள ஒரு சின்னக் கதை சொல்லிடறேன். பொறாமைக் கதை. கேப்பீங்கதானே?

திருச்சியில சொர்ணம்னு ஒரு அம்மா. அப்பா அம்மா இல்லாத தம்பிய வளத்து ஆளாக்குனவங்க. தம்பி பேரு மாறன், பஸ் டிப்போவுல மெக்கானிக். ஒன்பது வருஷமா ஜெசிந்தாங்கிற பொண்ணோட ஒரே வீட்டுல இருக்கான். தாலி இல்ல, ரிஜிஸ்டர் இல்ல… ஆனா குடித்தனம் உண்டு.

சொர்ணத்துக்கு எரியுமா எரியாதா? எரிஞ்சுச்சு! ஊர் பேசுனதுக்காக இல்லீங்க. "தீபாவளிக்கு வர்றியாடா?"ன்னு போன்ல கேட்டா தம்பி சொல்றான்… "ஜெசிகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்க்கா." அந்த ஒரு வார்த்தை! நானும் ஒரு தம்பிக்கு அக்காதான். அந்த எரிச்சல் எனக்குத் தெரியும். சிரிக்காதீங்க, உங்களுக்கும் தெரியும்.

ஒரு நாள் டிப்போவுல ஜாக்கி நழுவி, மாறனுக்கு நெஞ்சுல அடி. ஆஸ்பத்திரியில ஐ.சி.யூ. உள்ள போக ஒருத்தருக்குத்தான் பாஸ். ரெண்டு பேரும் கைய நீட்டுறாங்க. வாட்ச்மேன் கேக்குறாரு, "நீங்க யாரும்மா?"

சொர்ணம் முந்திக்கிட்டாங்க. "நான் கூடப் பொறந்தவ! இவ பொண்டாட்டியா? தாலி எங்க, காட்டச் சொல்லுங்க! இவ சும்மா… கூட இருக்கிறவ!"

ஜெசிந்தா நீட்டுன கைய மடக்கல.

வாட்ச்மேன் கண்ணாடிய ஏத்திவிட்டு பாஸை எழுத்துக் கூட்டிப் படிச்சாரு. "நோயாளியுடன்… இருப்பவர்." சொர்ணத்தப் பாத்தாரு. "நீங்களே சொல்லிட்டீங்களேம்மா. இது கூட இருக்கிறவங்களுக்குத்தான்." பாஸ் ஜெசிந்தா கைக்குப் போச்சு.

கை தட்டாதீங்க… இருங்க. மறுநாள் வேற வாட்ச்மேன். அவரு கேட்டது ஒரே கேள்வி, "என்ன உறவு?" பாஸ் அக்காவுக்கு. ஜெசிந்தா வெளிய பெஞ்சுல.

உள்ள மாறன் கண்ணு முழிச்சான். அக்காவப் பாத்தான். பாத்துட்டு என்ன கேட்டான்?

"ஜெசி எங்கக்கா?"

சொர்ணத்துக்கு அப்பவும் எரிஞ்சுச்சாம், என்கிட்டயே சொன்னாங்க. எரிஞ்சுக்கிட்டே வெளிய வந்து, பாஸை அவ மடியில போட்டாங்க. "போடி… உன்னத்தான் கேக்குறான்."

இப்பச் சொல்லுங்க. ஒன்பது வருஷம் சோறு போட்டு, துணி துவைச்சு, சண்டை போட்டு வாழ்ந்தவ… அவன் மூஞ்சியப் பாக்க ஒரு நாள் வாட்ச்மேனுக்கு மனசு வரணும், மறுநாள் நாத்தனாருக்கு மனசு வரணும். மூணாம் நாள் யாருக்கு மனசு வரணும்? அதனாலதான் கேக்குறோம். யாரோட நல்ல மனசும் வேணாம், சட்டத்துல அவளுக்கு ஒரு இடம் எழுதுங்க!

என் தம்பி வீட்டுக்குப் போனா எனக்கும் இன்னும் எரியும். எரியட்டும். பொறாமைப்பட அக்காவுக்கு உரிமை இருக்கு. ஆனா அவன் கூட இருக்கிறவள வாசல்ல நிறுத்தி வைக்க… அந்த உரிமைய எனக்கு யாருங்க குடுத்தா?