முதல் தண்ணீர்

மரவள்ளிக் கிழங்கை வேகவைத்தால் விஷம் இறங்கிய முதல் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், ஐயா. கொல்லிமலையில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். அடிவாரத்தில் பிறந்து வேதியியல் படித்த எனக்கும் தெரியும்.

மலைமேல் தேவனூர் நாடு என்கிற பகுதியில் நான் கொட்டகை போட்டது கடற்பாசி காய்ச்சத்தான். சிரிக்காதீர்கள். எங்கிருந்தோ வந்து நம் கடலில் படர்ந்து, மீனவர் வலையை அடைக்கிற பழுப்புப் பாசி. அள்ளிக்கொண்டு போனால் போதும் என்று கும்பிட்டார்கள். காயவைத்து லாரியில் ஏற்றினேன். கரையில் கேள்வி கேட்க ஆள் அதிகம், மலையில் இல்லை. கொதிக்கவைத்தால் அதிலிருந்து ஒரு சத்து இறங்கும், மூட்டு வீக்கத்தை அடக்கும் என்று நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

கொப்பரை கிளறியவள் சென்னம்மாள். அவள் புருஷன் அர்த்தனாரி மிளகு பறிக்க மரமேறுகிறவன். முழங்கால் வீங்கி ஒரு வருஷமாக ஏறவில்லை. காய்ச்சிய தண்ணீரில் தினம் அரை டம்ளர் அவனுக்குக் கொடுக்கச் சொன்னேன். மூன்றாம் வாரம் ஏறிவிட்டான். அவள் அழுதாள்.

அந்த வாரமே, நான் அனுப்பியிருந்த பாசிக்கு ஆய்வுக்கூடத்து அறிக்கை வந்தது. பாசியில் ஆர்சனிக் விஷம் இருக்கிறது, முதல் தண்ணீரில்தான் அதிகம் இறங்குகிறது, கொட்டிவிடுங்கள் என்று. சத்தும் அதில்தானே இறங்குகிறது? கொட்டினால் மிஞ்சுவது வெறும் கொழகொழப்பு. அறிக்கையை மடித்து வைத்தேன். ஓர் உடம்பு எவ்வளவு தாங்கும் என்று பார்த்துவிட்டால் ஆயிரம் பேருக்கு அளவு சொல்லலாம்.

மாதங்கள் போகப்போக அர்த்தனாரிக்கு உள்ளங்கை தடித்துக் கரும்புள்ளி விழுந்தது. அந்தச் சமயத்தில் ஒரு நாள், கிழங்கு வேகவைக்கிற பழக்கத்தில் அவள் முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டாள். மறுநாள் அவனுக்கு வாந்தி.

“ஏனுங்க, நான் கொட்டிப்போட்டதுனாலீங்களா இப்படி ஆயிப்போச்சு?”

“ஆமாம்மா. மருந்தே அதுலதான இருக்குது.”

அன்றிலிருந்து முதல் தண்ணீரைத் தனியே பிடித்து, வெல்லம் போட்டு, தலையைத் தாங்கி ஊட்டினாள். நாற்பது நாள். நான் தினமும் எடையும் நாடியும் குறித்தேன். பங்குனியில் போய்விட்டான்.

அவளிடம் இதைச் சொல்ல வேண்டாம், ஐயா. அந்த ஒரு நாள் கொட்டியதால்தான் செத்தான் என்று இன்னும் அழுகிறாள், பாவம். மனசு தாங்காது. தெரிந்தே கொன்றேன் என்று எழுதுகிறீர்கள், எழுதுங்கள். ஒரு சொட்டுகூட என் கையால் நான் ஊட்டவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.