‘ஆனால்’ என்று தொடங்கிய பத்தி

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், முப்பது ஆண்டு அலுவலக வாழ்க்கையில் நான் எழுதிய ஒரு குறிப்பைக்கூட எந்த அதிகாரியும் திருப்பி அனுப்பியதில்லை. நாற்பது பக்கக் கோப்பை நாலு வரியாகச் சுருக்குவது என் வேலை. அதிகாரிகள் கோப்பைப் படிப்பதில்லை. என் நாலு வரியைப் பார்த்து, ஆழ்ந்து யோசிப்பதுபோல் மூக்கைச் சொறிந்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள்.

மச்சான் போலீஸில் புகார் கொடுத்திருக்கிறான். நீங்களும் பொறுமையாகக் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

என் மனைவியின் மார்பில் சிறு கட்டி. பரிசோதனை முடிவு ஆங்கிலக் கடிதமாக வீட்டுக்கு வந்தது. அவளுக்கும் அவள் தம்பியான என் மச்சானுக்கும் ஆங்கிலம் வராது. சாப்பாட்டு மேசையில் நான்தான் பிரித்தேன்.

“புற்றுநோய்தான். ஆனா ரொம்ப ஆரம்பம். இந்த மாதிரி கட்டியில சிலதை ஒண்ணும் பண்ணாம, கவனிச்சுக்கிட்டே இருக்கலாமாம்.”

“அத்தான், ஆபீஸ் பைல் மாதிரி சுருக்காம முழுசாப் படிங்க.”

“முழுசாப் படிச்சா நீ தூங்கிடுவே மாப்பிள்ளே.”

“சும்மா இருடா. அவர் படிச்சா சரியாத்தான் இருக்கும்,” என்றாள் அவள்.

நான் பொய் சொல்லவில்லை. ‘ஆனால்’ என்று தொடங்கிய அடுத்த பத்தியை விட்டுவிட்டேன். இவருடைய கட்டி அந்த வகை அல்ல; ஒரு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் முழுக் குணம்; அதன்பின் ஆறு வாரம் கனமாக எதையும் தூக்கக் கூடாது. இவ்வளவுதான் அந்தப் பத்தி.

எங்கள் வீட்டில் கனமானது என் அப்பா. பக்கவாதம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கும் அவரை அவள்தான் தூக்குவாள். எனக்கு முதுகு வலி.

“பயமா இருக்குங்க. ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாமா?”

“உன் உடம்பு, உன் முடிவு. நான் குறுக்கே நிக்க மாட்டேன்.”

கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நான் படுத்துட்டா மாமாவை யாரு தூக்குவா?”

இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். நான் பதிலும் சொல்லவில்லை. கவனித்துக்கொண்டே இருக்கலாம் என்று அவளே முடிவெடுத்தாள். மருத்துவமனையிலிருந்து மூன்று முறை அழைத்தார்கள். நோயாளி நன்கு யோசித்து முடிவெடுத்திருக்கிறார் என்று மூன்று முறையும் மரியாதையாகச் சொன்னேன்.

மூன்று ஆண்டுகள் அப்பாவைத் தூக்கினாள். பிறகு அவளைத் தூக்க வேண்டி வந்தது. மச்சான் தூக்கினான்.

காரியங்கள் முடிந்ததும், அப்பாவுக்கு ஆள் தேவை என்று விளம்பரம் கொடுத்தேன். இரண்டாம் நாளே ஆள் கிடைத்துவிட்டார்.